சிவப்புப் புள்ளி சூட்டை அளக்காது

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி வந்த பிக்கப் ஒன்று பட்டறை வாசலில் நின்றது. பிரேக் லைனிங் தீயும் வாடை மூக்கைத் துளைக்கிறது. ஓட்டி வந்த தம்பி, சிவப்பு லேசர் அடித்துத் தொடாமலே சூடு பார்க்கும் டெம்பரேச்சர் கன்னும் கையுமாக இறங்கி, "அண்ணா, நாலு வீலும் அடிச்சுப் பார்த்துட்டேன், எல்லாம் ஐம்பதுதான் காட்டுது. வாடை முன்னாடி போன லாரியோடது" என்கிறார். இந்த சீசனில் இப்படி வந்த மூன்றாவது ஆள்.

அவர் அடித்தது பளபளக்கும் குரோம் வீல் கப்பில். நான் வீல் துவாரம் வழியாகத் துருப்பிடித்த பிரேக் டிரம்மில் அடித்தேன். வலது பின்சக்கரம் 94 டிகிரி, இடது 218. கழற்றினால், கை பிரேக் கேபிள் இறுகி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாமல் டிரம்மோடு ஒட்டிக் கிடக்கிறது.

தயவுசெய்து கேளுங்கள். அந்தச் சிவப்பு லேசர் புள்ளி எதையும் அளப்பதில்லை, குறி பார்க்க மட்டும்தான். 12:1 (தூரம் 12 என்றால் அளக்கும் வட்டம் 1) என்று போட்டிருக்கும் கன்னை நாலடி தள்ளி நின்று அடித்தால், நாலு அங்குல வட்டத்துக்குள் இருக்கும் டிரம், டயர், ரிம் எல்லாம் சேர்ந்த சராசரிதான் வரும். ஓரடிக்குள் போனால் ஓரங்குலம். பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளியே விடாது, சுற்றுப்புறத்துச் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். ரேடியேட்டர் பக்கத்து அலுமினியத்திலும் இதே ஏமாற்றுதான். அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அடியுங்கள். பிரேக்கில் டேப் வேண்டாம், உருகிவிடும்.

(கொரோனா காலத்து நெற்றிக் காய்ச்சல் கன்னைக் கொண்டுவந்து இன்ஜினில் அடித்தவரும் உண்டு. அது சுமார் 43 டிகிரிக்கு மேல் 'ஹை' என்று கத்தும், அவ்வளவுதான்.)

ஒற்றை நம்பரை வைத்து முடிவு கட்டாதீர்கள். வண்டி நின்ற கையோடு இடது வலது இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் அடியுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ பிடிக்கிறது: ஷூவோ, பேரிங்கோ. வாடையும் வந்தால் கன்னே வேண்டாம், ஓரம் கட்டிவிடுங்கள். கணவாயில் நியூட்ரலில் இறங்கக் கூடாது என்பதை இன்னுமா நான் சொல்ல வேண்டும்?

அந்தத் தம்பி அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார், டிரம்மில் ஊற்ற. கையைப் பிடித்து நிறுத்தினேன். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் சாமி, அது தானாக ஆறட்டும்.