விட்டிசை: பாட்டு நடுவில் அறுவதற்கு ஒரு சொல்

கைக்கு அடக்கமான புளூடூத் ஸ்பீக்கரில் நாகஸ்வரத் தோடி. வித்வான் மேல் ஷட்ஜத்தில் நின்று, அந்த ஒரே சுரத்தை நீட்டிக் கார்வை கொடுக்கிறார். சட்டென்று அரை விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு அதே சுருதியில் நாதம் தொடர்கிறது. ஸ்பீக்கரின் நீல விளக்கு இத்தனைக்கும் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'டிராப் அவுட்' என்று பெயர். காந்த நாடாக் காலத்திலேயே புழங்கிய சொல். நாடாவில் பூசிய ஆக்சைடு ஓரிடத்தில் உதிர்ந்திருந்தாலோ தூசு ஒட்டியிருந்தாலோ, அந்த இடம் நாடாவைப் படிக்கும் ஹெட்டைக் கடக்கும் கணத்தில் ஒலி மங்கும், இல்லையென்றால் மறையும். நாடா வழக்கொழிந்தது, சொல் தங்கிவிட்டது. இன்று நாடாவின் பூச்சுக்குப் பதிலாகக் பாட்டைத் துண்டுதுண்டாகச் சுமந்து காற்றில் வரும் தரவுப் பொட்டலங்கள் தவறுகின்றன.

தமிழில் என்ன சொல்வது? 'இடைநிற்றல்' பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதற்கு என்றே நிலைத்துவிட்டது. 'ஒலிவெட்டு' என்றால் மின்வெட்டுபோல யாரோ நிறுத்தியதாகத் தொனிக்கிறது. நான் முன்வைப்பது, யாப்பிலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் 'விட்டிசை'. செய்யுளில் சீரின் முதலில் வரும் தனிக்குறில் அடுத்த எழுத்தோடு சேர்ந்துதான் அசையாகும். ஆனால் 'அஉ' என்று இரண்டு உயிர்கள், நடுவே சேர்த்துவைக்கும் ய், வ் போன்ற உடம்படுமெய் இல்லாமல் நிற்கும்போது, குரல் ஒன்றை விட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அப்போது அந்தத் தனிக்குறிலே நேரசை என்னும் ஓர் அசை. இப்படி விட்டு ஒலிப்பதுதான் விட்டிசைத்தல்.

இலக்கணத்தில் எழுத்து எதுவும் தொலைவதில்லையே, ஸ்பீக்கரில் ஒலியே தொலைகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் காது உணர்வது ஒன்றுதான்: ஓடிவந்த ஒலி விட்டு, மறுபடி இசைக்கிறது. "பாட்டு விட்டுவிட்டுக் கேக்குது" என்று வீட்டில் சொல்வதிலும், விட்டுவிட்டுப் பெய்யும் மழையிலும் இதே 'விட்டு'தான் இருக்கிறது. அதனால் இது புதிதாகக் கட்டிய சொல்போல உறுத்தாது.

சொல் துல்லியமாக இருந்தால் பழுதைப் பிடிப்பதும் எளிது. "கட் ஆகுது" என்பதில் இரண்டு வெவ்வேறு பழுதுகள் கலந்துவிடுகின்றன. விளக்கு சிமிட்டி, 'பீப்' என்று குரல் கொடுத்து நின்றால் அது இணைப்பு அறுதல். மறுபடி இணைக்க வேண்டும். விளக்கு எரிந்தபடியே ஒலி மட்டும் போய்ப்போய் வந்தால்தான் விட்டிசை. கரகரப்பு இரைச்சலைச் சேர்ந்தது. படத்தில் வாயசைவுக்குப் பின்னால் குரல் வந்தால் அது தாமதம்.

விட்டிசைக்குக் காரணம் பெரும்பாலும் காற்றிலே இருக்கிறது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. பாட்டு அனுப்பும் வழக்கமான முறையில் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1,600 முறை வரை தடம் தாவுகிறது. வைஃபை இயங்கும் பட்டைகளில் ஒன்றும் இதுதான், மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில்தான். வழியில் தவறிய பொட்டலத்தைப் போன் மறுபடி அனுப்பும். அதுவரை ஸ்பீக்கர் முன்கூட்டியே சேர்த்துவைத்த சிறு இருப்பை வாசித்துச் சமாளிக்கும். அந்த இருப்பும் தீர்ந்தால்தான் காதுக்குத் தெரிகிறது.

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் சமையல் மேடையில், மைக்ரோவேவ் பக்கத்தில் இருந்தது. அடுப்பு சுற்றும்போதெல்லாம் பாட்டு விட்டிசைத்தது. இடம் மாற்றியதும் பாதி சரியானது. மீதிப் பாதி என் பின்பாக்கெட்டில் இருந்த போன். உடம்பில் இருக்கும் நீர் இந்த அலையை நன்றாக விழுங்கும். ஸ்பீக்கருக்கு முகம் காட்டி நின்றால், நானே நடுவில் சுவராக நிற்கிறேன்.

சோதிக்க ஒரு வழி: போனையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் ஒரு முழ இடைவெளியில் வைத்து, இறக்கி வைத்த பாட்டைப் போடுங்கள். நெட்டில் ஓடும் பாட்டு வேண்டாம், நெட் திணறினாலும் இதேபோல்தான் கேட்கும். அப்போதும் விட்டிசைத்தால் சார்ஜைப் பாருங்கள், வேறு போனை இணைத்துப் பாருங்கள். மேசையில் சரியாக ஓடி, கூடத்தில் மட்டும் விட்டிசைத்தால், போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

வினையாகவும் தயங்காமல் பயன்படுத்தலாம்: ஸ்பீக்கர் விட்டிசைக்கிறது, நேற்று விட்டிசைத்தது, போனைச் சட்டைப் பையில் வைத்தபின் விட்டிசைக்கவில்லை.