உவா ஓதம்: வசந்தத்துக்கு அங்கே என்ன வேலை?

'வசந்த ஓதம்' என்ற சொல்லை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தமிழ்க் குரல் கொடுத்த ஆவணப்படங்களில் வருகிறது, போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் வருகிறது, இப்போது கோத்தகிரியில் என்னிடம் புவியியல் படிக்க வரும் பிள்ளைகளின் நோட்டுக்கும் வந்துவிட்டது. ஓதம் என்றால் கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது வழக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்குவதை ஆங்கிலத்தில் ஸ்பிரிங் டைடு என்பார்கள். அதற்கு அகராதியைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டிய சொல்தான் வசந்த ஓதம். படித்துவிட்டு ஒரு பெண், "இது ஏப்ரல், மே சீசன்ல மட்டும்தான் வருமா சார்?" என்று கேட்டாள். அவள் மேல் என்ன தப்பு? அந்தச் சொல்லைப் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆங்கிலத்தில் ஸ்பிரிங் என்றால் துள்ளி எழுவது, பீறிட்டுப் பொங்குவது. ஊற்றுக்கும் சுருள்வில்லுக்கும் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். தளிர் எழும் பருவம் என்பதால் வசந்தத்துக்கும் அதே பெயர். கடலுக்கு வந்த பெயர் பொங்குவதிலிருந்து நேராக வந்தது, பருவத்தின் வழியாக வரவில்லை. அவ்வளவுதான் சொல் வரலாறு.

விஷயம் என்னவென்றால், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் பூமியும் நிலாவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. கடலை இழுப்பதில் சூரியனுக்கு நிலாவின் வலுவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே உண்டு. அந்த இரண்டும் சேரும்போது ஏற்றம் வழக்கத்தைவிட மேலே போகும், வற்று வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். மாதத்துக்கு இரண்டு முறை, வருஷம் முழுக்க, ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் இது நடக்கிறது.

'வசந்த'த்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டித்தானே மிகப் பெரிய ஓதங்கள் வருகின்றன? சரி, வருகின்றன. செப்டம்பரிலும் அதேபோல் வருகின்றனவே, அதற்கு என்ன பெயர் வைப்பது? பூமத்திய ரேகைக்குத் தெற்கே மார்ச் என்றால் இலையுதிர் காலம். நம் ஊரிலோ கீழே மேட்டுப்பாளையத்தில் அப்போதே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு சொல். பார்க்க நல்ல தமிழாகவும் அடக்கமாகவும் இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ஸ்பிரிங் டைடை 'உயர் ஓதம்' என்றும், அரைநிலா நாட்களில் கடல் குறைவாக ஏறி இறங்கும் நீப் டைடைத் 'தாழ் ஓதம்' என்றும் எழுதுகிறார்கள். அப்படியானால் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை கடல் ஏறுகிறதே, அந்த ஹை டைடுக்கு என்ன சொல்வது? அதற்கும் உயர் ஓதம்தான்! தினமும் நடப்பதற்கும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நடப்பதற்கும் ஒரே பெயர். மாணவர் எதை எதிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்வார்?

குழப்பம் அதோடு முடியவில்லை. ஜெர்சித் தீவின் செயின்ட் ஹீலியர் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கால்வாயில் வரும் நீர் நார்மண்டியின் தீபகற்பத்தில் முட்டிக் குவியும் மூலையில் இருக்கிறது அந்தத் தீவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 12 மீட்டர் வரை வித்தியாசம் வரும், நாலு மாடி உயரம். காலையில் சுவர் விளிம்பு வரை தளும்பிய பழைய துறைமுகத்தில், மதியம் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கடல் மிகவும் உள்வாங்குவதும் அதே நாளில்தான். அரைநிலா நாட்களில் அந்த வித்தியாசம் பாதிகூட இருக்காது. ஆக, 'உயர் ஓதம்' என்று பெயரிட்ட நாளில்தான் நீர் ஆகக் கீழே போகிறது. 'தாழ் ஓதம்' என்ற நாளில் அவ்வளவு கீழே போவதில்லை. பாதி உண்மையைச் சொல்லி மீதியைத் தலைகீழாக்கும் சொல் இது. இதை எழுதியவர் ஒரு நிமிஷம் கடலை நினைத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், பொருளைத் தேடுவதில்லை என்பதுதான் என் வருத்தம். ஓதத்தை அலை என்று எழுதுவதும் இந்த வகைதான். அலை நொடிகளில் வந்து போகும், ஓதம் மணிக்கணக்கில் ஏறி இறங்கும்.

ஓதம் என்ற சொல்லில் எனக்குக் குறையே இல்லை. சங்கப் பாட்டுகளில் கழியில் ஏறும் நீர் ஓதம்தான். இந்த மலையில் மழைக்காலத்தில் சுவரில் ஊறும் ஈரத்தையும் ஓதம் என்றுதான் சொல்கிறோம், அதனால் பிள்ளைகளின் காதுக்கும் புதிதில்லை. அதற்கு முன்னால் என்ன சேர்ப்பது என்பதே கேள்வி.

உவா என்ற பழைய சொல் இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொதுவான ஒரே சொல். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் காருவா, வெள்ளுவா. புறநானூற்றின் 65-ஆம் பாட்டில் 'உவவு' என்று வருகிறது. அந்த நாளில் 'இருசுடர் தம்முள் நோக்கி' நிற்க, ஒரு சுடர் மாலையில் மலைக்குப் பின்னால் மறைகிறது. சூரியனும் நிலாவும் எதிரெதிரே நிற்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா? உவா ஓதம் என்றால் ஏன் பொங்குகிறது என்ற காரணமே பெயருக்குள் வந்துவிடுகிறது.

உவா யாருக்குப் புரியும் என்று கேட்பார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் போய்க் கேளுங்கள். ஆடி அமாவாசை சமயத்தில் மலையாளிகள் முன்னோருக்குப் பலியிடும் நாள் கர்க்கடக வாவு. அந்த வாவு நம் உவாதான். ஸ்பிரிங் டைடுக்கு மலையாளத்தில் வாவுவேலி என்று அழகாகச் சொல்கிறார்கள். நீப் டைடு சப்தமிவேலி. அவர்களிடம் புழங்கும் சொல்லை நாம் அகராதியிலேயே விட்டுவிட்டோம்.

பல துறைமுகங்களில் மிகப் பெரிய ஏற்றம் உவாவுக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் வரும் என்பது உண்மை. அதனால் பெயர் பொய்யாகிவிடாது. இழுப்பது உவா நாளின் வரிசைதான். நீப் டைடுக்கு அட்டமி ஓதம் போதும், நாள்காட்டி பார்க்கும் எல்லா வீட்டுக்கும் அது தெரியும். தினப்படி ஏறி இறங்குவதற்கு ஏற்றம், வற்று. இலங்கைத் தமிழில் இரண்டையும் சேர்த்து வற்றுப்பெருக்கு என்பார்கள், அதுவும் நல்ல சொல். இவை எதுவும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங் டைடு என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன். வசந்தத்தை மட்டும் பிள்ளைகளின் நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.