கிரிட்டிக்கல் பாத் – அறுதிப் பாதை

‘இது கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கிற வேலை’ என்று பொறியாளர் சொன்னால், ரொம்ப முக்கியமான வேலை என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஒரு திட்டத்தின் பணிகளை எது முடிந்து எது தொடங்கும் என்று கோத்துப் பார்த்தால், தொடக்கம் முதல் முடிவு வரை பல தொடர்கள் கிடைக்கும். அவற்றில் அதிக நாள் பிடிக்கும் தொடருக்கே அந்தப் பெயர். திட்டம் அதைவிடச் சீக்கிரம் முடியாது. அதில் ஒரு பணி ஒரு நாள் தள்ளினால் கடைசி நாளும் தள்ளிப்போகும்.

கட்டிவரும் வீடு ஒன்றின் 5 மீட்டர் அகலக் கூரையை எடுத்துக்கொள்வோம். செண்ட்ரிங் அடிக்க 5 நாள், கம்பி கட்ட 3, கான்கிரீட் போட 1, முட்டுப் பிரிக்கும் வரை காத்திருப்பு 14, பிரித்து அகற்ற 1, உட்பூச்சு 8. ஆக 32 நாள். அதே நாளில் இன்னொரு பக்கம் தேக்கு வாங்கத் தொடங்கினால் அதற்கு 4 நாள், ஆசாரி கதவு செய்ய 20. ஆக 24 நாள். இரண்டும் முடிந்த பிறகு கதவு மாட்ட 2, பெயிண்ட் அடிக்க 6. வீடு 40 நாளில் முடியும். முதல் தொடர்தான் கிரிட்டிக்கல் பாத். அதில் மிக நீண்டது, ஆளே இல்லாமல் தளத்தில் தண்ணீர் நிற்கும் அந்த 14 நாள் (4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு). கைத்திறனும் செலவும் கூடிய தேக்குக் கதவு அந்தப் பாதையில் இல்லை. அதனால்தான் ‘முக்கியப் பாதை’ என்ற மொழிபெயர்ப்பு ஆளைத் தவறான இடத்தில் கவலைப்பட வைக்கிறது.

கதவு வேலையை 8 நாள் தாமதமாகத் தொடங்கினாலும் நட்டமில்லை. பின்னிருந்து எண்ணினாலே இது தெரியும்: கதவு 32ஆம் நாள் மாலை கையில் இருக்க வேண்டும், ஆக 9ஆம் நாள் காலை தொடங்கினால் போதும். இந்த 8 நாளை ஆங்கிலத்தில் ‘ஃப்ளோட்’ என்பார்கள். ‘மிதவை’ என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்புதான், ‘தளர்வு’ என்பதே பொருள்.

1957இல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபான்ட்டின் மார்கன் வாக்கரும் கணினி நிறுவனமான ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இந்தக் கணக்கை யுனிவாக் கணினியில் போட்டார்கள். அவர்கள் வைத்திருந்த பெயர் ‘மெயின் செயின்’, அதாவது முதன்மைச் சங்கிலி. ‘கிரிட்டிக்கல் பாத்’ என்பது, 1958இல் அமெரிக்கக் கடற்படை போலரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய ‘பெர்ட்’ என்னும் திட்டமிடல் முறையிலிருந்து வந்தது.

‘கிரிட்டிக்கல்’ என்பதன் வேர் கிரேக்கத்தின் ‘கிரினெய்ன்’: பிரித்தெடு, தீர்ப்புச் சொல். நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று முடிவாகும் கட்டத்தைக் கிரேக்க மருத்துவர்கள் ‘கிரிசிஸ்’ என்றார்கள். மருத்துவமனையில் நாம் கேட்கும் ‘கிரிட்டிக்கல்’ அந்த வழியில் வந்தது. திட்டத்தில் அந்த ஆபத்துப் பொருள் இல்லை, முடிவு செய்யும் பொருள் மட்டுமே உண்டு. ஆகவே ‘நெருக்கடிப் பாதை’ பொருந்தாது. ‘மாறுநிலை’ இயற்பியலுக்குச் சரி (மாறுநிலைக் கோணம்), ஆனால் இங்கே எதுவும் நிலை மாறவில்லை.

‘அறுதிப் பாதை’ என்பதே சரியான சொல் என்று கருதுகிறோம். அறு என்னும் வேர் வெட்டிப் பிரிப்பதைச் சொல்கிறது. அறுதியிடுதல் என்றால் முடிவாக வரையறுத்தல். முடியும் நாளை அறுதியிடும் பாதை அறுதிப் பாதை. ‘அறுதிப் பணி’, ‘அறுதிப் பாதைக் கணக்கு’ என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

சொல் சரியாக இருந்தாலும் கணக்கு தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, சார்பு விட்டுப்போவது: மின்குழாய் பதிக்காமல் கான்கிரீட் போட முடியாது என்பதை வரைபடத்தில் எழுதாமல் விட்டால் 40 என்ற எண்ணே பொய். மற்றொன்று, தொடக்கத்தில் போட்ட கணக்கை அப்படியே சுவரில் மாட்டிவைப்பது. தேக்கு 10 நாள் தாமதமாக வந்தால் கதவுத் தொடர் 34 நாளாகிவிடும். 8 நாள் தளர்வு கரைந்து, 42ஆம் நாளில்தான் வீடு முடியும். அன்றிலிருந்து அறுதிப் பாதை ஆசாரியின் பட்டறை வழியாகப் போகிறது. பூச்சுக்கு இன்னும் நான்கு கொத்தனாரைச் சேர்த்தாலும் ஒரு நாள்கூடக் குறையாது.