யூதனேசியா: நற்சாவு

எங்கள் நாய் மணிக்குப் பதிமூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, நாலு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கால்நடை மருத்துவர், "யூதனேசியா பண்ணிடலாங்க" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. "கருணைக்கொலைம்மா" என்றேன். மணியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "கொலையாடா?"

கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நல்ல, ‘தனடோஸ்’ என்றால் சாவு. கொல்லுதல் என்ற பொருளே அதில் கிடையாது. யாராவது வேதனையில்லாமல் சட்டென்று இறந்ததாகக் கேள்விப்பட்டால், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தனக்கும் தன் வீட்டாருக்கும் அப்படியொரு யூதனேசியா வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாராம், ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். நோயைத் தீர்க்க முடியாதபோது சாவின் வேதனையையாவது மருத்துவர் தணிக்க வேண்டும் என்று 1605இல் வாதிட்ட ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கனும் இதே சொல்லைத்தான் எடுத்தாண்டார். மருந்து கொடுத்து உயிரை முடித்துவைப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஏறியது.

‘கருணைக்கொலை’ ஆங்கிலத்தில் வழங்கும் ‘மெர்சி கில்லிங்’ என்ற வேறொரு தொடரின் நேர்பெயர்ப்பு. கருணையால் செய்யும் கொலை என்று விரியும். எவ்வளவு கருணையை முன்னால் வைத்தாலும் காதில் விழுவது கொலைதான். "பாவம் வந்துடுமோ" என்று ஏற்கெனவே தவித்து நிற்பவரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

முதலில் மயக்க ஊசி போட்டார்கள். நன்றாக உறங்கிய பிறகு, காலில் ரத்தக்குழாய் வழியாக அளவு மிகுந்த மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாமலே இருக்கலாம், உடல் ஒருமுறை துடிக்கலாம். அது வலி அல்ல என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது பெரிய உதவி. அம்மா கடைசிவரை மடியைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தபோது அம்மா சொன்னார்: "நல்ல சாவுதான். என் மடியிலயே போயிட்டான்."

கிரேக்கச் சொல்லின் பொருள் எழுத்துக்கு எழுத்து அதேதான்! படுக்கையில் கிடந்து அல்லாடாமல் போனவர்களைப் பற்றி நாம் காலங்காலமாகச் சொல்வது. "உனக்கு நல்ல சாவே வராது" என்று சபிப்பதுகூட அதை ஒரு பேறாக நினைப்பதால்தான். எழுத்துவழக்கில் ‘நற்சாவு’, வினையாக்கினால் ‘நற்சாவு அளித்தல்’.

கிளினிக்குகளில் "தூங்க வெச்சிடலாம்" என்பதும் உண்டு. பெரியவர்களுக்குள் பரவாயில்லை. குழந்தைகளிடம் வேண்டாம், ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவார்கள். "மணி செத்துப்போச்சு, இனிமே அதுக்கு வலிக்காது" என்று அக்கா மகளிடம் சொன்னோம். அழுதாள். பிறகு அதன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவந்து தன் புத்தக அலமாரியில் வைத்துக்கொண்டாள்.