ரேஸ் அன்னிக்கு வலி மாத்திரை போடலாமா?

மாரத்தான் சீசன் வந்துட்டா என் ஓபில இந்தக் கேள்விதான் அதிகம். "டாக்டர், ஞாயித்துக்கிழமை ரேஸ், முட்டி வலிக்குது, காலைல ஒரு டைக்ளோஃபினாக் போட்டுட்டு ஓடிடவா?" பாதி பேர் முடிவு பண்ணிட்டுதான் வர்றாங்க, நம்ம தலையாட்டணும் அவ்ளோதான். இவங்களுக்கு நான் பவுலா ராட்கிளிஃப் பத்தி சொல்லுவேன்.

இங்கிலாந்து மாரத்தான் ஓட்டக்காரங்க. டீனேஜ்லயே ஆஸ்துமா, ஓடினா இளைக்கிற வகை. அதோடயே 1992ல பாஸ்டன்ல ஜூனியர் உலக கிராஸ் கன்ட்ரி ஜெயிச்சாங்க, 2003 லண்டன் மாரத்தான்ல 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட்ல முடிச்சு பெண்கள் உலக ரெக்கார்ட் போட்டாங்க. கிலோமீட்டருக்கு சுமார் 3 நிமிஷம் 13 செகண்ட், அதே வேகத்துல 42 கிலோமீட்டர்! 2019ல சிகாகோல கென்யாவோட பிரிஜிட் கோஸ்கெய் உடைக்கிற வரைக்கும் 16 வருஷம் அந்த ரெக்கார்ட யாரும் தொடல. (ஆஸ்துமான்னு புள்ளைங்கள ஸ்போர்ட்ஸ் பீரியட்ல உக்கார வைக்கிற பெத்தவங்க இத ரெண்டு தடவ படிங்க. டாக்டர் சொன்னபடி இன்ஹேலர் எடுத்துக்கிட்டா பெரும்பாலான புள்ளைங்க தாராளமா ஓடலாம்.)

இவ்ளோ பெரிய ஆளு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல சுமார் 36 கிலோமீட்டர்ல நின்னுட்டாங்க, ரோட்டோரம் உக்காந்து அழுதாங்க. வெயில் வேற கொளுத்துச்சு, ஆனா அது மட்டும் இல்ல. ரேஸுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கால்ல அடி, அதுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற மாத்திரை நிறைய எடுக்க வேண்டியிருந்துச்சு, அது வயித்தக் கெடுத்து சாப்பாட்டுல இருந்த சத்து உடம்புல சேரலன்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. டீமே கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கே இந்தக் கதின்னா, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போடுற நம்ம ஆளுங்கள என்ன சொல்ல.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைங்க உடம்புல புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள குறைச்சுதான் வலிய அடக்குது. ஆனா இரைப்பையோட உள்தோல புண்ணாகாம காக்குறதும் அதேதான், தண்ணி சத்து குறையும்போது கிட்னிக்கு ரத்தம் போறத விடாம பாத்துக்கிறதும் அதேதான். நீங்க மூணு நாலு மணி நேரம் ஓடும்போது ரத்தம் பெரும்பாலும் கால் தசைக்குப் போயிடும், வயித்துக்கும் கிட்னிக்கும் ஏற்கனவே பத்தாக்குறை, அதுக்கு மேல இந்த மாத்திரையையும் போட்டா அது ரெண்டும் என்னதான் பண்ணும்?

இன்னொண்ணு, மாத்திரையால வலி தெரியாததே ஆபத்துதான், எலும்புல கீறல் இருந்தாலும் தெரியாம ஓடிடுவீங்க. 2008ல ராட்கிளிஃப்புக்குத் தொடை எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப ஓடுறதால எலும்புல விழுற சின்னக் கீறல்), அதுல இருந்து முழுசா தேறாம பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஓடி 23வதுதான் வந்தாங்க. இந்த மாதிரி கீறல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுக்கணும். எங்க வலிக்குதுன்னு கேட்டா ஒத்த விரல வச்சு கரெக்டா ஒரே எடத்தக் காட்டுறவங்க, ஒத்தக்கால்ல குதிக்கச் சொன்னா மூஞ்சி சுளிக்கிறவங்க, தூங்கும்போதும் இடுப்போரமோ தொடையோ வலிக்குதுங்கிறவங்க, இவங்கள நான் ஓடவே விடமாட்டேன், மெடல் போனா போகுது.

மாத்திரை போட்டுட்டு ஏற்கனவே ஓடிட்டீங்களா? அப்ப அன்னிக்கும் மறுநாளும் யூரின் கலரப் பாருங்க, டீ டிகாஷன் மாதிரி போனாலோ போறதே கொறஞ்சாலோ, இல்ல மலம் கருப்பா போனாலோ, நேரா கேஷுவாலிட்டிக்கு போங்க, என்ன மாத்திரை எத்தன போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.