ரோபோ பூனை வாங்கும் முன்

மாலை ஐந்து மணி தாண்டினால் அந்தப் பாட்டிக்கு இருப்புக் கொள்ளாது. "பிரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் தொற" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் குடும்பத்தை வளர்த்தவர். பிரட்டு என்றால் அங்கே வேலை தொடங்கும் முன் ஆள் கணக்கெடுப்பது. இப்போது மறதி நோயோடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மகன் ஒரு ரோபோ பூனை வாங்கி வந்தார். தடவினால் குர்ரென்னும், கண் சிமிட்டும். முதல் நாள் பாட்டி சிரித்த வீடியோவை எனக்கும் அனுப்பினார்.

மூன்றாவது வாரம் நான் போனபோது பாட்டி தன் தயிர்சோற்றைப் பூனைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பூனையின் வாயெல்லாம் பருக்கை. ராத்திரி அது கத்தினால் எழுந்து பால் தேடுகிறாராம். இருட்டில் ஒருமுறை விழவும் பார்த்திருக்கிறார்.

பினாங்கில் முதியவர்களைக் கவனிக்கும் தாதி நான். இந்த ரோபோக்களுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் முதல் நாள் சிரிப்பை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது ஜப்பானின் பாரோ. கடல்நாய்க் குட்டி உருவம், ஏறத்தாழ 2.7 கிலோ எடை. மடியில் வைத்தால் பச்சைக் குழந்தையின் கனம் இருக்கும். விலை சுமார் 6,000 அமெரிக்க டாலர். ஆஸ்திரேலியாவில் 28 பராமரிப்பு இல்லங்களில், மறதி நோயுள்ள 415 பேரிடம் இதைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு இயங்கும் பாரோ, சிலருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பொம்மை, மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு. இயங்கும் பாரோவை முதியவர்கள் கூடுதலாகப் பார்த்தார்கள், அதனிடம் கூடுதலாகப் பேசினார்கள். ஆனால் பதற்றத்தைத் தணிப்பதில் அது சும்மா இருந்த பொம்மையைவிடப் பெரிதாக மேல் என்று தெரியவில்லை.

அதனால்தான் குடும்பங்களிடம் நான் முதலில் ஒரு சாதாரணப் பஞ்சுப் பொம்மையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அதற்கும் முன்னால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூட்டுவலியில் துடிப்பவருக்குப் பூனை மருந்தாகாது. காது கேட்கும் கருவி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஒரு நோட்டு எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். பொம்மையைக் கொடுத்தது எத்தனை மணிக்கு? அதற்கு முன் எப்படி இருந்தார், அரை மணி கழித்து எப்படி? சாப்பாடும் தூக்கமும் குறைந்தனவா? வாங்கி வைத்துக்கொண்டாரா, தள்ளிவிட்டாரா? தள்ளிவிட்டால் வற்புறுத்தாதீர்கள். வயதான காலத்தில் பொம்மை கொடுத்து ஏய்க்கிறார்கள் என்று மனம் புண்படுபவர்களும் உண்டு, அவர்கள் கோபம் நியாயமானது. "இது நெசமா?" என்று கேட்டால், பொம்மைதான் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்புறமும் தடவுகிறவர்கள் தடவத்தான் செய்கிறார்கள்.

பேசும் ரோபோ என்றால் அதற்குத் தமிழ் புரிகிறதா என்று கடையிலேயே பேசிப் பாருங்கள். கேமராவும் மைக்கும் இருந்தால் பதிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒரே பொம்மை பலர் கைக்கு மாறும் பராமரிப்பு இல்லங்களில் அதன் ரோமத்தைச் சுத்தம் செய்ய முடியுமா என்பது முக்கியம்.

சரி, அந்தப் பாட்டிக்கு வருகிறேன். பூனையை நாங்கள் பிடுங்கவில்லை. பாட்டி சாப்பிட்டு முடித்த பிறகே அது வெளியே வரும். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தோட்டத்துக் கதை கேட்பார். எட்டு மணிக்குச் சுவிட்சை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். போன வாரம் நோட்டைப் புரட்டினேன். இரண்டு நாளில் பூனையை எடுக்க மறந்திருக்கிறார்கள், கதை மட்டும் நடந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் பாட்டி கதவுப் பக்கம் போகவில்லை.