ஈடாகக் கொடுத்த ஓடையின் குறுக்கே ஒரு சாலை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சில ஓடைகளின் இரு கரையிலும், மரத்திலோ கம்பத்திலோ வரிசையாகச் சின்னப் பலகைகள் தெரியும். உள்ளே மரம் வெட்டக்கூடாது, மண் கொட்டக்கூடாது, கட்டடமோ சாலையோ கூடாது என்பது அவற்றின் சாரம். நிலம் தனியாருடையதாகவே இருக்கலாம். ஆனால் ஓடையையும் கரையையும் சேர்த்து ஒரு பட்டை மட்டும் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ எனப்படும் காப்புப் பாத்தியதைக்குள் போய்விட்டது. நிலம் கைமாறினாலும் பத்திரத்தோடு பாத்தியதையும் கூடவே போகும், காலவரையறை கிடையாது. மலைக்கும் கடலோரச் சமவெளிக்கும் இடைப்பட்ட பீட்மாண்ட் மேட்டுநிலத்தில் இந்தப் பட்டை பொதுவாக ஓடையின் ஒவ்வொரு கரையிலிருந்தும் குறைந்தது 50 அடி. மலைப் பகுதியில் 30 அடி.

பட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்தில் மனைப்பிரிவு போட யாராவது வரும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. சாலை ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நூறு, நூற்றிருபது அடி அகலப் பட்டைதானே, ஒரு குழாயைப் போட்டு மண்ணை மூடினால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஓடை ஏன் காப்புக்குள் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவுப்படி, அமெரிக்க ஓடையிலோ சதுப்பிலோ மண் நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். 401-ஆம் பிரிவுப்படி மாநிலத்தின் நீர்த்தரச் சான்றும் வேண்டும். நிரப்பியே ஆக வேண்டும் என்றால், இழந்த ஓடைக்கு ஈடாக வேறிடத்தில் கெட்டுப்போன ஓடையைச் சீர்ப்படுத்தித் தர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ‘மிட்டிகேஷன் பேங்க்’குகளும் மாநிலத் திட்டங்களும் அடிக்கணக்கில் ‘கிரெடிட்’ எனப்படும் ஈட்டு அலகுகளை விற்கின்றன. வட கரோலினாவில் ஓர் அடி ஓடையை முழுமையாக மீட்டால் ஒரு கிரெடிட். ஓரளவு மேம்படுத்தினால் 2.5 அடிக்கு ஒன்று. ஏற்கெனவே நன்றாக இருப்பதைக் காப்பதற்கு மட்டும் என்றால் 5 அடி, 10 அடிக்குத்தான் ஒன்று. விற்ற கிரெடிட்டுக்கு அத்தாட்சி அந்தக் காப்புப் பத்திரம்.

ஆக, பலகை அறைந்த ஓடை வேறெங்கோ புதைக்கப்பட்ட ஓடைக்குக் கட்டிய ஈடு. அதன்மேல் சாலை போடுவது, கடனை அடைத்த பணத்தையே திரும்ப எடுத்துச் செலவழிப்பது மாதிரி. அதனால்தான் இங்கே கணக்கு இரட்டையாகிறது: இப்போது கெடுக்கும் ஓடைக்கும் பதில் சொல்ல வேண்டும், அது எந்த ஓடைக்கு ஈடாக நின்றதோ அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் வேடிக்கையான ஒன்று உண்டு. பொறியாளர் படையின் அனுமதி, பல நேரம் எளிதாகவே கிடைத்துவிடும். சாலை போன்ற நீளவாக்கு வேலைகளுக்கென ‘நாடு தழுவிய அனுமதி 14’ இருக்கிறது; கடலேற்றம் எட்டாத நீர்நிலைகளில் அரை ஏக்கர் வரை இழப்பை அது ஏற்கிறது. 10 அடி அகல ஓடையில் 70 அடி நீளம் மறைந்தால் 700 சதுர அடி, ஒரு ஏக்கரில் அறுபதில் ஒரு பங்குதான். பத்திரமோ இந்தச் சிறுமையைப் பார்ப்பதில்லை. ஓர் அடி என்றாலும் மீறல் மீறல்தான். 2023-இல் உச்ச நீதிமன்றம் சாக்கெட் வழக்கில் கூட்டாட்சிச் சட்டம் ஆளும் நீர்நிலைகளின் எல்லையைச் சுருக்கியது. அதன்பின் மழைக்கு மட்டும் ஓடும் சில ஓடைகளுக்கு 404 அனுமதியே தேவைப்படாமல் போகலாம். அப்போதும் பத்திரம் அப்படியே நிற்கும், அது சொத்துரிமை சம்பந்தப்பட்டது என்பதால்.

எனவே முதல் வேலை மண்வெட்டி எடுப்பதல்ல, வில்லங்கம் பார்ப்பது. கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் பத்திரத்தையும் அளவை வரைபடத்தையும் எடுத்து வரிக்கு வரி படிக்க வேண்டும். பல பத்திரங்களில் ஓடையைத் தாண்டும் ‘கடப்பிடம்’ என்று ஓர் இடைவெளி முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நீளத்துக்குக் கிரெடிட் தந்திருக்க மாட்டார்கள். அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அதை எதற்காக ஒதுக்கினார்கள் என்று பார்க்காமல் குதிப்பவர்கள் அதிகம். மாடும் டிராக்டரும் போக ஒதுக்கிய வழியில், இருபது வீட்டுக்கான தார்ச்சாலையும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போக முடியாது. அகலம் எத்தனை, எந்தப் பயன்பாடு, குழாய்களுக்கு இடமுண்டா என்ற மூன்றையும் பத்திரமே சொல்ல வேண்டும்.

இடைவெளி இல்லையென்றால் பத்திரத்தைத் திருத்த வேண்டும். 2008-ஆம் ஆண்டின் ஈடுசெய் விதிப்படி, காப்புப் பத்திரத்தை ரத்து செய்யவோ மாற்றவோ 60 நாள் முன்பாகவே பொறியாளர் படையின் மாவட்டப் பொறியாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாத்தியதை மாநிலத்தின் பெயரில் இருந்தால் மாநிலமும் சம்மதிக்க வேண்டும். வரிச்சலுகை பெற்று அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்த பாத்தியதை என்றால் இன்னும் கடினம். ‘என்றென்றைக்கும்’ என்ற நிபந்தனையின்மேல்தான் வருமான வரிச் சட்டம் கழிவு தந்திருக்கிறது. தனியாருக்கு ஆதாயம் தரும் திருத்தத்தில் அறக்கட்டளை கையெழுத்திட்டால் அதற்கே ஆபத்து.

சம்மதம் தர வேண்டிய எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: வேறு வழி இல்லையா? சுற்றிப் போக முடியுமா, பக்கத்து நிலத்தில் வழி வாங்க முடியுமா, தண்ணீர்க் குழாயை மட்டுமாவது ஓடைக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டு இழுக்க முடியுமா? தவிர், குறை, பிறகே ஈடு செய் என்பது வரிசை. செலவு கூடுகிறது என்பது மட்டும் பதிலாகாது. எங்கள் கருத்தில், இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினாலே பெரும்பாலான கடப்பிடங்கள் வரைபடத்திலேயே மறைந்துவிடும்.

மறையாதவற்றுக்கு, ஓடையின் கணக்குக்கு வருவோம்.

ஓடையின் அளவைத் தீர்மானிப்பது எப்போதாவது வரும் பெருவெள்ளமல்ல. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கரை நிரம்பி ஓடும் நீர். அந்த அகலத்தைக் களத்தில் அளக்க வேண்டும்: கரையின் மேல் விளிம்பு, செடிகள் தொடங்கும் கோடு, மணல் திட்டின் உச்சி இவைதான் அடையாளம். நம் உதாரண ஓடைக்கு அது 10 அடி அகலம், 2 அடி ஆழம், நீர் விநாடிக்கு 4 அடி வேகம் என்றால், விநாடிக்கு 80 கன அடி. இதில் 5 அடி விட்டமுள்ள குழாயைப் போடுகிறோம். அதன் குறுக்குவெட்டு 19.6 சதுர அடி. 80 கன அடி முட்டிக்கொண்டு போய்விடும். பெரிய மழையில் 200 கன அடி வந்தால்? முன்பு அந்த உபரி நீர் வெள்ளச் சமவெளியில் மெல்லப் பரவிப் போயிருக்கும். இப்போது சாலைக் கரை அணைபோல நிற்பதால் எல்லாம் குழாய்க்குள் திணிகிறது, வேகம் விநாடிக்கு 10 அடி. மேற்புறம் நீர் தேங்கி, சரளையும் மணலும் படியும். கீழ்ப்புறம் பீய்ச்சி அடித்துப் பள்ளம் பறிக்கும்.

அந்தப் பள்ளத்தில்தான் பெரும்பாலான சிறுபாலங்கள் தோற்கின்றன. படுகை இறங்க இறங்கக் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். அரை அடி உயர அருவி நமக்கு அழகாகத் தெரியும். துள்ளத் தெரியாத சிறு மீனுக்கு அது சுவர். கூடவே, குழாய்க்குள் வெறும் கான்கிரீட் அல்லது நெளிதகடு மட்டும் இருந்தால், வேனிலில் விரலளவு ஆழத்துக்கு நீர் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒதுங்கி இளைப்பாற ஒரு கல் கிடையாது. மேலே பல மைல் நல்ல ஓடை இருந்தும் அது துண்டாகிவிடும். கடப்பிடத்தில் மறைவது 70 அடிதான், கெடுவது அதைவிட நெடுந்தூரம்.

இதற்கு வனத்துறைப் பொறியாளர்கள் வளர்த்தெடுத்த முறை, குழாய்க்குள்ளும் ஓடையையே தொடர விடுவது. மாசச்சூசெட்ஸ் மாநில அளவுகோல் இதற்கு நல்ல வழிகாட்டி. திறப்பின் அகலம் கரைநிரம்பு அகலத்தில் 1.2 மடங்கு, நம் ஓடைக்கு 12 அடி. ‘பாக்ஸ் கல்வெர்ட்’ எனப்படும் கான்கிரீட் பெட்டிச் சிறுபாலத்தின் அடித்தட்டு படுகைக்கு 2 அடி கீழே புதைய வேண்டும். திறப்பின் பரப்பைக் குழாயின் நீளத்தால் வகுத்தால் வருவது ‘திறந்த தன்மை’. அது குறைந்தது 0.82 அடி. இருண்ட நீளக் குகைக்குள் விலங்குகள் நுழையத் தயங்கும் என்பதால் இந்த அளவு. வட கரோலினாவில், 48 அங்குலத்துக்கு மேற்பட்ட குழாயை ஓர் அடியும், அதற்கு உட்பட்டதை விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கும் புதைக்கச் சொல்கிறார்கள். 5 அடிக் குழாயை ஓர் அடி புதைத்தால் நீர்வழியில் சுமார் 14 விழுக்காடு குறையும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது வழக்கமான பிழை.

நீளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாலையின் மேல் அகலம் 30 அடி, மண்கரை உயரம் 10 அடி, பக்கச்சரிவு இரண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கமும் 20 அடி விரிந்து, அடியில் 70 அடி. 12 அடி அகலம், படுகைக்கு மேல் 5 அடி உயரம் என்றால் 60 சதுர அடி. 70-ஆல் வகுத்தால் 0.86, தேறிவிட்டது. இதே சாலை ஓடையை 45 பாகையில் சாய்வாக வெட்டினால் நீளம் 99 அடி, 0.61, தேறவில்லை. 5 அடிக் குழாய்க்கு நேர்க்கோணத்திலேயே 0.28தான். மாறாக, இரு முனையிலும் தலைச்சுவர் எழுப்பிச் சரிவை வெட்டினால் நீளம் 34 அடியாகச் சுருங்கும். கான்கிரீட் செலவு கூடும். ஆனால் புதைக்கும் ஓடை பாதியாகும், வாங்க வேண்டிய கிரெடிட்டும் பாதியாகும். அடித்தட்டே இல்லாத வளைவுப் பாலமோ சிறு பாலமோ போட்டால் படுகையைத் தொடவே வேண்டியதில்லை. காப்புப் பட்டைக்குள் அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

இடமும் முக்கியம். மீட்டெடுத்த ஓடையில் ஆழமற்ற கல்லோட்டமும் ஆழமான மடுவும் திட்டமிட்டு மாறி மாறி அமைத்திருப்பார்கள். வளைவில் மடு இருக்கும். அங்கே பாலம் போட்டால் ஓடை நகர முயன்று அஸ்திவாரத்தைத் தின்னும். நேராக ஓடும் கல்லோட்டப் பகுதியே சரி.

பெரிய திறப்பு சுற்றுச்சூழல் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் பதில் சொன்னது. வெர்மான்டின் கிரீன் மவுன்டன் தேசிய வனத்தில், இம்முறையில் மாற்றிக் கட்டிய கடப்பிடங்கள் வெள்ளத்தில் தாக்குப்பிடித்தன; அதே வட்டாரத்தில் குறுகிய குழாய்கள் பலவும் சாலையோடு அடித்துப் போயின.

கட்டும்போது நடப்பது வேறு கதை. டிரவுட் மீன் வாழும் மலை ஓடைகளில், முட்டையிடும் காலமான அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஓடைக்குள் வேலை கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. மற்ற இடங்களிலும் நீர் குறைந்த வாரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் வண்டல் தடுப்புத் துணி. பிறகு மேற்புறம் மணல் மூட்டை அணை, மோட்டார், நெளிகுழாய்; விநாடிக்கு ஒரு கன அடி என்பது நிமிடத்துக்குச் சுமார் 1,700 லிட்டர், அதைத் தாங்கும் பம்பும் மாற்றுப் பம்பும் கைவசம் வேண்டும். நெளிகுழாய் நீரைக் கக்கும் இடத்தில் கல் பரப்ப வேண்டும், இல்லையேல் அங்கே புதுப்பள்ளம். அதன்பின் கீழ்ப்புற அணை. இடையில் சிக்கிய மீனை வலையிட்டு எடுத்து விட்டபின் கலங்கல் நீரை வடிகட்டிப் பையின் வழியே இறைக்க வேண்டும். இரவில் மழை வந்து பம்பு நின்றுபோவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. ஒரே நாளில் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் தோண்டுவது அதற்கு மருந்து. ஈரக் கான்கிரீட்டைத் தொட்ட நீர் ஓடையில் கலக்கவே கூடாது. அதன் காரம் மீனைக் கொல்லும்.

பெட்டி பதிந்ததும் உள்ளே படுகை அமைப்பது பொறுமையான வேலை. பெரிய கல், சரளை, மணல் என்று வெறுமனே கொட்டினால் முதல் வேனிலில் நீர் கல்லிடுக்கில் இறங்கிக் காணாமல் போகும். மேலே உலர்ந்த கற்கள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு அடுக்கிலும் மணலையும் வண்டலையும் தண்ணீர் பீய்ச்சி இடுக்குகளில் இறக்கி, நீர் மேலேயே நிற்கும் வரை நிரப்ப வேண்டும். இரு ஓரமும் பெரிய கற்களால் கரை கட்டினால், வெள்ளம் இல்லாத நாளில் தவளையும் ஆமையும் அதில் நடந்து போகும். வெளிவாயில் படுகைக்கு மேலே கல் அடுக்கக்கூடாது. அதுவே புதிய தடுப்பணையாகிவிடும். முடிந்தபின் கீழ்ப்புற அணையை முதலில், மேற்புறத்தை மெல்ல மெல்லப் பிறகு எடுக்க வேண்டும்.

சாலையின் வடிகால் நீரை வாய்க்கால் வெட்டி நேராக ஓடையில் விடுவது, இத்தனை உழைப்பையும் ஒரே மழையில் கெடுக்கும். பட்டைக்கு வெளியிலேயே அதை ஒரே மட்டத்தில் நீளமாகக் கட்டிய திண்டின் மேல் பரப்பி, மரங்களுக்கிடையே படலமாக ஓடவிட வேண்டும்.

இழந்த அடிகளுக்கு ஈடாக வேறிடத்தில் மீட்கும் ஓடைக்கு வட கரோலினாவில் இப்போது 7 ஆண்டுக் கண்காணிப்பு வழக்கம். கடப்பிடத்துக்கும் அப்படியொன்று தேவை: கட்டி முடித்தவுடன் மேலும் கீழும் நூறு அடிக்குப் படுகையின் நெடுக்குமட்டத்தை, அதாவது நீளவாக்கில் அதன் உயரத்தை, அளந்து வைத்து, ஒவ்வொரு கரைநிரம்பு வெள்ளத்துக்குப் பின்னும் அதனோடு ஒப்பிட வேண்டும். படுகை இறங்கத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த மட்டம்தான். திருத்திய எல்லையை அளந்து, புதிய வரைபடத்தைப் பதிவு அலுவலகத்தில் சேர்த்து, பலகைகளை இடம் மாற்றி நட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.